மரபணுவை எடுத்துக்கொண்டு இறாலைத் தூக்கி எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறால் இனங்களில் யாருக்கு யார் உறவு என்பதை மரபணுவை வைத்துக் கண்டுபிடிப்பது பற்றி அண்மையில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாக, நன்றாக எழுதியிருந்தார்கள். ஆனால் அதில் வந்த ஒரு கருத்தை என்னால் அப்படியே விட முடியவில்லை. ஒரு துண்டு சதை கிடைத்தால் போதும், உடலை பாட்டிலில் போட்டு வைக்கும் காலமெல்லாம் முடிந்துவிட்டது என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அதை மறுக்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். முடிந்தவரை வெட்டாமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் ராயபுரத்தில் இருக்கிறேன். சென்னையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பேராசிரியரும் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. செய்முறை வகுப்பு இருக்கும் நாளில் விடியற்காலையிலேயே காசிமேடு போய் ஏலம் முடிந்ததும் இறால் வாங்கி வருவது, தட்டில் மெழுகு ஊற்றி வைப்பது, அருங்காட்சியக அறையில் பாட்டில்களில் திரவம் குறைந்தால் நிரப்புவது, லேபிள் எழுதுவது, இவைதான் என் வேலை. விலங்கியல் படித்த உங்கள் வாசகர்களுக்கு, இறாலின் 19 ஜோடி உறுப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி அட்டையில் வரிசையாக ஒட்டியது நினைவிருக்கும். தலையில் 5, மார்பில் 8, வயிற்றில் 6. அந்த வரிசை குலையாமல் ஒட்டத் தெரிந்த பிள்ளைக்கு இறாலை அடையாளம் காணும் வேலையில் பாதி கைவந்துவிடும்.

மரபணு ஆராய்ச்சியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதைப் போல என்னை வியக்க வைத்தது வேறு எதுவும் இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். மீன் கடையில் கடல் வெள்ளை இறாலும் ஆற்று இறாலும் பக்கத்துப் பக்கத்தில் கூறு போட்டிருந்தால், இரண்டும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் என்றுதான் நினைப்போம். இரண்டையும் கையில் எடுத்து வயிற்றுப் பகுதியின் இரண்டாவது வளையத்தைப் பாருங்கள். கடல் வெள்ளை இறாலில் ஒவ்வொரு வளையத்தின் பக்கத் தகடும் தனக்குப் பின்னால் இருப்பதன் மேல் படிந்திருக்கும், முதலாவது இரண்டாவதன் மேல், இரண்டாவது மூன்றாவதன் மேல் என்று. ஆற்று இறாலில் இரண்டாவது வளையத்தின் தகடு அகன்று முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் சேர்த்து மூடியிருக்கும். அப்புறம் கால்களைப் பாருங்கள். வெள்ளை இறாலின் நடக்கும் கால்களில் முதல் மூன்று ஜோடிக்குக் கொடுக்கு உண்டு. ஆற்று இறாலுக்கு முதல் இரண்டு ஜோடிக்கு மட்டும்தான், அதிலும் இரண்டாவது ஜோடி நீண்டு தடித்திருக்கும். பெண் ஆற்று இறால் முட்டைகளை வயிற்றடியில் நீந்தும் கால்களுக்கு நடுவே சுமந்து திரியும். வெள்ளை இறால் முட்டையைக் கடல் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும்.

முட்டையைச் சுமக்கும் இந்தப் பழக்கம் நண்டுக்கும் உண்டு, சிங்கி இறாலுக்கும் உண்டு. அமெரிக்க அறிஞர் பர்கன்ரோட் இதையும் செவுளின் அமைப்பையும் வைத்து 1963-இல் பத்துக்காலிகளை, அதாவது இறால், நண்டு, சிங்கி இறால் எல்லாம் அடங்கிய கூட்டத்தை, இரண்டாகப் பிரித்தார். கிளைத்த செவுளுள்ள வெள்ளை இறால் வகையறா ஒரு பக்கம், முட்டை சுமக்கும் மற்ற எல்லாம் இன்னொரு பக்கம். அதாவது ஆற்று இறாலுக்கு வெள்ளை இறாலைவிட நண்டுதான் நெருங்கிய உறவு. நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். 2019-இல் வெளியான ஒரு ஆய்வில் 94 இனங்களிலிருந்து 400-க்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகளை எடுத்து ஒப்பிட்டார்கள். அந்தப் பிரிவு அப்படியே நின்றது. கண்ணால் பார்த்துச் சொன்னதை அரை நூற்றாண்டு கழித்து மரபணுவும் சொன்னது. அந்த ஆய்வின் கணக்குப்படி இந்த இரண்டு குடும்பங்களின் பொது மூதாதை வாழ்ந்தது 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால்.

சில சமயம் மரபணு, கண் சொன்னதைத் திருத்தவும் செய்யும். அது எங்கள் பாட்டில்களின் மேலேயே நடந்தது.

வெள்ளை இறாலின் அறிவியல் பெயர் பீனேயஸ் இண்டிகஸ். 1837-இல் மில்ன் எட்வர்ட்ஸ் வைத்த இனப் பெயர். பீனேயஸ் என்ற பேரினம், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் முதல் பெயர், அதைவிடப் பழையது, 1798-இல் ஃபாப்ரீசியஸ் ஏற்படுத்தியது. எங்கள் அறையில் எல்லா பாட்டிலிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. 1997-இல் பெரேஸ் ஃபார்ஃபாந்தே, கென்ஸ்லி என்ற இருவர் உலகத்துப் பீனேயிட் இறால்களை, அதாவது வெள்ளை இறால் வகையறாவைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். பீனேயஸ் என்ற ஒரே பேரினத்தை அவர்கள் ஆறாக உடைத்தார்கள். தலையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தலைமுள்ளின் இருபக்கமும் ஓடும் பள்ளம் எவ்வளவு நீளம், ஆணின் கலவி உறுப்பு எப்படி இருக்கிறது, பெண்ணின் மார்படியில் விந்துப்பையை ஏற்கும் உறுப்பு மூடியதா திறந்ததா என்பவைதான் அந்தப் பிரிவினைக்கு ஆதாரம். வெள்ளை இறால் ஃபென்னரோபீனேயஸ் ஆனது. இன்று நம் பண்ணைகளில் வளரும் அமெரிக்க இறாலான வனாமி லிட்டோபீனேயஸ் ஆனது. வரி இறால், அதாவது டைகர், அதன் கூட்டம் மட்டும் பழைய பெயரிலேயே இருந்தது. எங்கள் துறைத்தலைவர் சொன்னபடி நான் புது லேபிள் எழுதினேன், ஆனால் பழையதைக் கிழிக்கவில்லை. அதன் பின்னால் சேர்த்து உள்ளே போட்டேன்.

அப்புறம் மரபணுக்காரர்கள் வந்தார்கள். 2004-இல் ஒரு ஆய்வு, 2011-இல் மா, சான், சூ மூவரும் செய்த இன்னொன்று. உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மரபணுக்களையும் உயிரணுக் கருவில் உள்ள மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்தபோது, பழைய பீனேயஸ் முழுக்க ஒரே மூதாதையின் வழி வந்தது என்று தெரிந்தது. புதிதாகப் பிரித்த ஆறில் சில ஒரே வம்சமாகவே நிற்கவில்லை. ஃபென்னரோபீனேயஸும் டைகர் இறாலின் கூட்டமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. எனவே எல்லாவற்றையும் மறுபடி பீனேயஸ் என்றே அழைப்போம் என்றார்கள். இன்று நம் ஊர் ஆராய்ச்சி நிறுவனங்களும் பீனேயஸ் இண்டிகஸ் என்றுதான் எழுதுகின்றன. நான் பின்னால் சேர்த்து வைத்த பழைய லேபிள் மறுபடி முன்னுக்கு வந்தது. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் பெருமைதான்.

உடலை மட்டும் பார்த்தவர்கள் ஆறு என்றார்கள், மரபணு ஒன்று என்றது. அப்படியானால் உடல் எதற்கு என்று கேட்பீர்கள். என் வாதமே இங்குதான் தொடங்குகிறது.

மரபணு வரிசை என்பது நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட சரம். இனத்தை அடையாளம் காண வழக்கமாக எடுக்கும் மைட்டோகாண்ட்ரியப் பகுதியில் ஏறக்குறைய 650 எழுத்துகள். டைகர் இறாலின் முழு மைட்டோகாண்ட்ரிய வரிசை 15,984 எழுத்துகள். வனாமியின் முழு மரபணுத் தொகுதியை 2019-இல் வெளியிட்டபோது அதில் 25,000-க்கும் மேற்பட்ட ஜீன்கள் இருந்தன, கிட்டத்தட்ட கால்வாசி ஒரே சின்னச் சரம் திரும்பத் திரும்ப வருவதாக இருந்தது. ஆனால் அந்த எழுத்துகளில் எங்கேயும் 'நான் வெள்ளை இறால், பழவேற்காட்டில் பிடிபட்டேன்' என்று எழுதியிருக்காது. அதை மனிதர்தான் பக்கத்தில் எழுத வேண்டும். அவர் தவறாக எழுதிவிட்டால் அந்தத் தவறு உலகம் முழுக்கப் போகும். ஏனென்றால் இந்த வரிசைகள் எல்லாம் பொதுத் தரவுத்தளத்தில் ஏறுகின்றன. அடுத்தவர் தன் இறாலை அதோடு ஒப்பிட்டுத்தான் பெயர் வைக்கிறார். அவருடையதைப் பார்த்து மூன்றாமவர் வைக்கிறார்.

தவறு எப்படி நடக்கும்? டைகர் இறாலையும் பச்சை டைகரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏலக்கூடத்தில் ஒன்றாகவே வரும். பிரித்தறிய ஐந்தாவது நடக்கும் காலின் அடியில் ஊசியால் தள்ளிப் பார்க்க வேண்டும். பச்சை டைகருக்கு அங்கே ஒரு சின்னக் கிளை இருக்கும், டைகருக்கு இருக்காது. வெள்ளை இறாலும் மெர்கு இறாலும் இளசாக இருந்தால் தலைமுள்ளின் முகட்டை வைத்துப் பிரிப்பது அனுபவசாலிக்கே கஷ்டம். அவசரத்தில் ஒரு மாணவர் காலை வெட்டிக் குப்பியில் போட்டு மீதியைக் குழம்புக்கு அனுப்பிவிட்டால், பிறகு சந்தேகம் வரும்போது எதைப் பார்ப்பது?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் பழைய பிரதிகள் சில சமயம் உயிரணுவின் கருவுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே வேலை இல்லாமல் கிடந்து தன் போக்கில் மாறிக்கொண்டே இருக்கும். ஆய்வகத்தில் பிரதி எடுக்கும்போது அசலுக்குப் பதில் இது வந்துவிட்டால், இல்லாத ஒரு புது இனம் இருப்பது போலத் தோன்றும். கொடுக்கைச் சொடுக்கி ஒலி எழுப்பும் இறால்களில் இதை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கண்டு எழுதியிருக்கிறார்கள். இந்தச் சந்தேகம் வந்தால் அதே உடலிலிருந்து இன்னொரு துண்டு எடுத்துத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். உடல் இல்லையென்றால் வழியே இல்லை.

உடல் இல்லாத மரபணு வரிசை, சர்வே எண் இல்லாத பட்டா மாதிரி. பத்திரம் கையில் இருக்கும், எந்த நிலத்துக்கு என்று யாராலும் காட்ட முடியாது.

சொடுக்கு இறாலைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பரிணாமத்தில் காலத்தை அளப்பதற்கு அது உதவிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நடு அமெரிக்காவில் பனாமா நிலப்பாலம் எழும்பி, சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பசிபிக் கடலையும் கரீபியக் கடலையும் முழுவதுமாகப் பிரித்தது. ஒரே கூட்டமாக இருந்த சொடுக்கு இறால்கள் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டன. நான்சி நோல்டனும் கூட வேலை செய்தவர்களும் 1993-இல், இரண்டு கரையிலும் உள்ள 7 ஜோடி இறால்களின் மரபணுவையும் புரதத்தையும் ஒப்பிட்டார்கள், ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டு சேர்கின்றனவா என்றும் பார்த்தார்கள். எல்லா ஜோடியும் ஒரே அளவு விலகியிருக்கவில்லை. ஆழத்தில் வாழ்ந்தவை முன்பே பிரிந்திருக்கின்றன, கரையோரத்தில் சேற்றுப் பகுதியில் வாழ்ந்தவை கடைசி வரை ஒட்டியிருந்து பிறகு பிரிந்திருக்கின்றன. எத்தனை எழுத்து மாற எத்தனை லட்சம் ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட இப்படிப்பட்ட ஆய்வுகள்தான் பிடிமானம். அந்தக் கணக்கு முழுவதும் எதன் மேல் நிற்கிறது? இந்த இறால் இந்தக் கரையில், இந்த ஆழத்தில் பிடிபட்டது என்ற குறிப்பின் மேல். லேபிளின் மேல்.

நம் ஆற்று இறாலில் பெரியது, பண்ணைகளில் வளர்ப்பது, அதன் பெயர் மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கை. 1879-இல் டி மான் அதற்குப் பெயர் வைத்தார். நியூகினியில் கிடைத்த இறாலை வைத்து. 2004-இல் மரபணு ஆய்வு செய்தவர்கள், கிழக்கே உள்ளதும் மேற்கே உள்ளதும் வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்த இரண்டு தனிக் கூட்டங்கள் என்று காட்டினார்கள். நம்முடையது மேற்குக் கூட்டம். இப்போது கேள்வி, பழைய பெயர் யாருக்குச் சொந்தம்? விதிப்படி, முதலில் பெயர் வைத்த உடல் எங்கிருந்து வந்ததோ அந்தக் கூட்டத்துக்கு, அதாவது கிழக்குக்கு. அப்படிச் செய்தால் உலகம் முழுக்கப் பண்ணைகளில் வளரும் மேற்கு இறால் தன் பெயரை இழக்கும். விலங்குப் பெயர்களுக்கான பன்னாட்டு ஆணையம் வரை வழக்கு போய், பழகிய பெயர் மேற்கு இறாலுக்கே இருக்கட்டும் என்று புதிதாக ஒரு மாதிரி உடலைத் தேர்ந்தெடுத்துத் தீர்த்தார்கள். மரபணு இரண்டு என்று சொன்னது. எது எந்தப் பெயர் என்று தீர்மானிக்க ஒரு உடலைத்தான் காட்ட வேண்டியிருந்தது.

குருமா இறால் என்று ஜப்பானியர் விரும்பும் பட்டை இறாலிலும் இப்படியே நடந்தது. ஒன்று என்று நினைத்திருந்ததை மரபணு இரண்டு என்றது. இரண்டாவதற்குப் புதுப் பெயர் தேடிப் போனவர்கள், 1914-இலேயே தென்னாப்பிரிக்க இறாலைப் பார்த்து ஸ்டெப்பிங் என்பவர் வைத்துவிட்டுப் போன பெயரை 2014-இல் மீட்டெடுத்தார்கள். இரண்டுக்கும் உடலில் தெரியும் வேறுபாடு முதுகு ஓட்டில் உள்ள பட்டைகள்தான்.

இனி என் ஆதங்கத்துக்கு வருகிறேன். 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொன்னது. தவளைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது நின்றதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதைச் சாக்காக வைத்து, நான் வேலை பார்த்த கல்லூரியில் அருங்காட்சியக அறையையே காலி செய்துவிட்டார்கள். கணினி அறைக்கு இடம் வேண்டுமாம். பாட்டில்களிலிருந்து திரவத்தைக் கொட்டி, உள்ளே இருந்ததைக் குப்பை வண்டியில் ஏற்றி, கண்ணாடியைப் பழைய பாட்டில் கடைக்குப் போட்டார்கள். அதில் நான் லேபிள் மாற்றிய இறால்களும் இருந்தன. எண்ணூர் முகத்துவாரத்தில் 1960-களில் பிடித்தவை சில இருந்தன. எண்ணூர் அனல்மின் நிலையம் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கியது 1970-இல். அதற்கு முந்தைய எண்ணூர்க் கழிமுகத்தில் என்னென்ன இறால் இருந்தது என்பதற்கு அவை சாட்சி. இன்று எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தக் கழிமுகத்துக்குப் போய் இன்னொரு இறால் பிடித்து வர முடியாது. நான் எதிர்த்துப் பேசினேன். அறை காலியாக வேண்டிய தேதி முன்பே முடிவாகிவிட்டது என்றார்கள்.

'ஃபார்மலினில் கிடந்த உடலில் மரபணு கிடைக்காதே, எதற்கு வைத்திருக்க வேண்டும்' என்று அப்போது ஓர் இளம் ஆசிரியர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஃபார்மலின் மரபணுவையும் புரதத்தையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடும், மரபணு இழை துண்டு துண்டாகிவிடும். ஆனால் இப்போது அருங்காட்சியகங்களில் பழைய உடல்களிலிருந்தும் அந்தச் சின்னத் துண்டுகளைச் சேகரித்துப் படிக்கிறார்கள். கடினம், செலவு அதிகம், எல்லா நேரமும் வெற்றி கிடைக்காது, ஆனாலும் நடக்கிறது. மரபணுவே கிடைக்காவிட்டாலும் தலைமுள் இருக்கிறது, கால் இருக்கிறது, இடமும் தேதியும் இருக்கிறது. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருந்த பீனேயஸ் கூட்டத்து இறால்களைப் பார்த்து ஆல்காக் 1906-இல் அட்டவணை எழுதினார். சந்தேகம் வரும்போது இன்றும் அறிஞர்கள் அந்த நூலைத்தான் புரட்டுகிறார்கள்.

நம் கல்லூரிகளில் எல்லாமே ஃபார்மலினில் கிடந்ததற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. ஃபார்மலின் விலை குறைவு. ஸ்பிரிட், அதாவது ஆல்கஹால், வாங்க மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், ஆய்வுக்கு வருவார்கள். யாருக்கு அந்தத் தலைவலி என்று விட்டுவிட்டார்கள். அரசு கல்லூரி ஆய்வகங்களுக்கு இந்த நடைமுறையை எளிதாக்கித் தந்தால் பெரிய உதவி. இறாலை மரபணுவுக்காக வைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உயிர்ப்போடு இருக்கும்போதே நிறம் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் எந்தத் திரவத்தில் போட்டாலும் நிறம் போய்விடும். பட்டை இறாலுக்கு நிறம்தானே அடையாளம். பிறகு ஒரு நீந்தும் காலை மட்டும் தனிக் குப்பியில் 95 சதவீத ஸ்பிரிட்டில் போட வேண்டும். உடலையும் ஸ்பிரிட்டிலேயே வைக்க வேண்டும். மறுநாள் அதை மாற்ற வேண்டும், சதையில் உள்ள தண்ணீர் இறங்கி ஸ்பிரிட் நீர்த்துப்போயிருக்கும். குப்பிக்கும் பாட்டிலுக்கும் ஒரே எண். லேபிளைப் பென்சிலில் எழுதி உள்ளே போட வேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்து ஓடிவிடும்.

இது எல்லாம் சென்னைக்கு ஏன் முக்கியம் என்றால், இறால் சம்பந்தப்பட்ட இத்தனை அமைப்புகள் ஒரே ஊரில் இருப்பது அபூர்வம். சாந்தோம் நெடுஞ்சாலையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இருக்கிறது. வெள்ளை இறாலின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டது அவர்கள்தான். அதே சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் வனாமி தாய் இறால்களைத் தனிமைப்படுத்திச் சோதிக்கும் நிலையம் நீலாங்கரையில் இருக்கிறது. வனாமி மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரையைச் சேர்ந்தது. 2009-இல் அனுமதி கிடைத்த பிறகு நம் பண்ணைகளை நிறைத்துவிட்டது. காசிமேட்டிலும் வானகரத்திலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் 'வளப்பு எறா' என்றால் இப்போது அதுதான். நாளை பழவேற்காட்டு ஏரியிலோ கொசஸ்தலை ஆற்றிலோ பண்ணையிலிருந்து தப்பிய வனாமி இருக்கிறதா என்று கேள்வி வந்தால், அங்கே இன்று என்ன இருக்கிறது என்பதற்கு உடலோடு கூடிய ஆதாரம் வேண்டாமா? வெள்ளைப்புள்ளி நோய் 1990-களின் நடுவில் வந்து டைகர் பண்ணைகளை அழித்ததைப் பார்த்தவர்கள் நாம். எந்த இறால் எதற்கு எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்திருப்பது, ஒன்றைத் தாக்கும் நோய் அடுத்து எதைத் தாக்கலாம் என்று யோசிக்கவும் உதவும்.

தேசிய பல்லுயிர் ஆணையமும் நம் தரமணியில்தான் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, யாராவது புதிய இனம் கண்டுபிடித்தால் அதன் மாதிரி உடலை அரசு அறிவித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். என் கோரிக்கை, அதை ஒரு படி மேலே கொண்டு போக வேண்டும் என்பதே. புது இனம் என்றில்லை, அரசுப் பணத்தில் ஒரு இறாலின் மரபணு வரிசை எடுக்கப்பட்டாலே அதன் உடல் காப்பகத்தில் இருக்க வேண்டும். காப்பக எண் இல்லாத வரிசையை ஆய்வறிக்கையில் ஏற்கக் கூடாது. முனைவர் பட்ட ஆய்வுக்கும் இந்த விதி பொருந்த வேண்டும். மரபணுப் பட்டைக்குறிக்கான, அதாவது சிறு மரபணுப் பகுதியை வைத்து இனத்தை அடையாளம் காண்பதற்கான, பன்னாட்டுத் தரம் மாதிரி உடலின் குறிப்பை ஏற்கெனவே கேட்கிறது. நாமும் கேட்பதில் என்ன தடை?

லேபிளில் இன்னொரு வரியும் வேண்டும். அதைப் பிடித்தவர் அதற்குச் சொன்ன பெயர், எந்த வலை, எத்தனை பாகம் ஆழம். காசிமேட்டில் கூறு பிரிக்கும் பெண்கள் ஒரு கூடையைக் கவிழ்த்த கையோடு வெள்ளையை ஒரு பக்கம், கருப்பு இறாலை ஒரு பக்கம், சில்லறையை ஒரு பக்கம் தள்ளுவார்கள். பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் இருளர் பெண்கள் பறியை வாயில் கவ்விக்கொண்டு முட்டளவு தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். எந்தச் சேற்றில் எந்த இறால் எந்த மாதத்தில் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்தது எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. எங்கள் பாட்டில்களில் இருந்த நல்ல மாதிரிகள் பலவும் அப்படிப்பட்டவர்கள், 'இது வேற மாதிரி இருக்கு, வெச்சுக்கம்மா' என்று தனியாக எடுத்துக் கொடுத்தவைதான். அரசு மீன்பிடிக் கணக்கில் இவை அனைத்தும் பீனேயிட், பீனேயிட் அல்லாதவை என்ற இரண்டே தலைப்புக்குள் அடங்கிவிடுகின்றன.

விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஆண்டுதோறும் ஜூன் 14-இல் முடிகிறது. முதல் நடைப் படகுகள் கரை சேரும்போது ஏலக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேர், ஸ்பிரிட் குப்பிகளோடும் பென்சிலோடும் நிற்கட்டும். அந்தந்த ஆண்டு என்ன வந்தது என்று உடலும் மரபணுவும் சேர்ந்த பதிவு தொடங்கிவிடும். இதற்குப் பெரிய திட்டமோ கோடிக்கணக்கில் நிதியோ தேவையில்லை. லேபிள் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வரத் தயார்.

கடைசியாக, கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் விலங்கியல் அறையைக் காலி செய்யும் யோசனை இருந்தால், பழைய பாட்டில் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் சாந்தோமில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வக மையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இடமும் தேதியும் எழுதிய பாட்டில்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அவர்கள் வந்து பார்த்துச் சொல்லும் வரை திரவத்தைக் கொட்டாதீர்கள், லேபிளை வெளியே எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆய்வக உதவியாளர்,
ராயபுரம், சென்னை 13.